ராமநாதபுரம் கடற்கரையும் பொது அறிவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொண்டியிலிருந்து சாயல்குடி வரை கடலோர ஊர் நூலகங்களில், போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்குப் பொது அறிவு சொல்லித் தருகிறேன். எந்த ஊருக்குப் போனாலும் சந்தேகங்கள் மட்டும் மாறுவதில்லை. பாம்பனில் கேட்டதையே கீழக்கரையிலும் கேட்கிறார்கள், தேவிபட்டினத்திலும் கேட்கிறார்கள். பெரும்பாலான குழப்பம் ஒரே இடத்தில்தான் தொடங்குகிறது. பெயர் அப்படியே இருக்கிறது, அது குறிக்கும் எல்லை மாறிவிட்டது. கையேடுகள் விடையை மட்டும் கொடுத்துவிட்டு, எந்த ஆண்டுக் கணக்கு, எந்த எல்லைக்குள் என்பதை விட்டுவிடுகின்றன. அதைச் சேர்த்துச் சொல்லத்தான் இந்தப் பக்கம். கேள்விகளை அவரவர் கேட்ட வாக்கிலேயே வைத்திருக்கிறேன்.

டீச்சர், நம்ம ஊரு கடலு வங்காள விரிகுடாவா, பாக் நீரிணையா, மன்னார் வளைகுடாவா? புக்குல மூணும் போட்டிருக்கு.

ராமேஸ்வரம் தீவை நடுவில் வைத்துப் பாருங்கள். தீவுக்கு வடக்கே தேவிபட்டினம், தொண்டிப் பக்கம் இருப்பது பாக் விரிகுடா. தெற்கே கீழக்கரை, ஏர்வாடிப் பக்கம் இருப்பது மன்னார் வளைகுடா. தீவில் தொழில் செய்பவர்கள் இவற்றையே வடகடல், தென்கடல் என்பார்கள். பாக் நீரிணை இன்னும் வடகிழக்கே, கோடியக்கரைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் நடுவே உள்ள குறுகல். அதைத் தாண்டினால்தான் திறந்த வங்காள விரிகுடா. ஆகவே மூன்று பெயரும் சரி, இடம்தான் வேறு. பேச்சில் பாக் விரிகுடாவையும் பாக் நீரிணை என்றே சொல்லிவிடுவதால் குழப்பம் வருகிறது. 1763 முதல் 1767 வரை சென்னையில் ஆளுநராக இருந்த ராபர்ட் பாக் பெயரில் அமைந்தவை இரண்டும்.

இரண்டு கடலுக்கும் குணமே வேறு. வடகடல் ஆழம் குறைந்தது, பெரும்பகுதி 15 மீட்டரைத் தாண்டாது. தென்கடல் கரையை விட்டுக் கொஞ்சம் போனாலே இறங்கிக்கொண்டு போகும். வாடைக்காற்றுக் காலத்தில் வடகடல் கொந்தளிக்கும், கச்சான் வீசும்போது தென்கடல் கொந்தளிக்கும். பருவக்காற்றுப் பாடத்தைப் புத்தகத்தில் படிக்கும் பிள்ளைகளிடம், முதலில் உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுவிட்டு வாருங்கள் என்றுதான் சொல்கிறேன்.

இந்தியாவோட தென்முனை தனுஷ்கோடிதானே?

இல்லை. தலைநிலப்பகுதியின் தென்முனை கன்னியாகுமரி. தீவுகளையும் சேர்த்தால் நிக்கோபாரில் உள்ள இந்திரா முனை. தனுஷ்கோடி இலங்கைக்கு மிக அருகில் இருக்கும் முனை, அவ்வளவுதான். அதன் கடைசிப் புள்ளி அரிச்சல்முனை.

அப்போ இலங்கையோட நமக்கு நில எல்லை உண்டா? மணல் திட்டுல நடந்தே போயிரலாம்னு சொல்றாங்களே.

இந்திய அரசின் கணக்கில் நில எல்லை உள்ள நாடுகள் ஏழு: பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், சீனா, நேபாளம், பூட்டான், வங்கதேசம், மியான்மர். இலங்கையுடன் இருப்பது கடல் எல்லை. தேர்வில் இதைத்தான் எழுத வேண்டும்.

நீங்கள் சொல்லும் திட்டுகள், தனுஷ்கோடிக்கும் இலங்கையின் மன்னார் தீவுக்கும் இடையே தொடராகக் கிடப்பவை. ராமர் பாலம் என்றும் ஆதாம் பாலம் என்றும் எழுதுவது இதைத்தான். சர்வதேசக் கடல் எல்லைக்கோடு இந்தத் தொடரின் குறுக்கே போகிறது. கோட்டுக்கு இந்தப் பக்கம் சில திட்டுகள், அந்தப் பக்கம் சில திட்டுகள். இடையில் கடல் ஓடுகிறது, நீரோட்டத்தில் திட்டுகள் இடம் மாறுகின்றன. நடந்து போகும் பேச்சை நம்பி யாரும் இறங்க வேண்டாம்.

பாம்பன் பாலம் திறந்தது 1914ஆ, 1988ஆ, 2025ஆ?

மூன்றும் சரி, ஏனென்றால் பாலங்கள் மூன்று. 1914 பிப்ரவரி 24இல் திறந்தது பழைய ரயில் பாலம். சுமார் 2 கிலோமீட்டர் நீளம், 145 கண்கள், கப்பல் போக நடுவில் இரண்டு கைகளாகப் பிரிந்து மேலே எழும் தூக்குப்பகுதி. அதற்குப் பெயர் ஷெர்சர் தூக்குப்பாலம். 1988இல் திறந்தது வாகனங்கள் போகும் அன்னை இந்திரா காந்தி சாலைப் பாலம். 2025 ஏப்ரல் 6இல் திறந்தது புதிய ரயில் பாலம். இதில் 72.5 மீட்டர் நீளமுள்ள ஒரு பகுதி, மின்தூக்கி எழுவதுபோல முழுசாகச் செங்குத்தாக மேலே போகும். இந்தியாவில் கடல்மேல் கட்டிய முதல் செங்குத்துத் தூக்கு ரயில் பாலம் இதுதான்.

'இந்தியாவின் முதல் கடல் பாலம்' என்று கேட்டால் 1914 பாலம். 'இந்தியாவின் மிக நீளமான கடல் பாலம்' என்று அதையே சொல்வது பழைய விடை. 2009இல் மும்பையில் பாந்த்ரா–வொர்லி பாலம் திறந்தபோதே அந்தப் பெருமை கைமாறிவிட்டது. பழைய பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் நின்றது.

1914இல் இந்தப் பாலம் எதற்காக வந்தது என்பதையும் சேர்த்துப் படியுங்கள். சென்னையில் ஏறிய பயணி தனுஷ்கோடியில் இறங்கி, கப்பலில் தலைமன்னார் போய், அங்கிருந்து மறுபடியும் ரயிலில் கொழும்பு சேரும் ஒரே பயணத்துக்கான பாதை அது. அந்த ரயிலைத்தான் 'போட் மெயில்' என்றார்கள். தனுஷ்கோடி ஒரு துறைமுக நகரமாக இருந்தது என்பது இன்றைய பிள்ளைகளுக்கு நம்ப முடியாத செய்தியாக இருக்கிறது.

தனுஷ்கோடி புயல் தேதி ஒரு புக்குல 22, ஒரு புக்குல 23. எதை எழுத?

1964 டிசம்பர் 22 நள்ளிரவைத் தாண்டி, 23 அதிகாலைக்குள் நடந்தது. அதனால்தான் இரண்டு தேதி. '22–23 இரவு' என்று எழுதுங்கள். பாம்பனிலிருந்து போன 653ஆம் எண் பயணிகள் ரயில் தனுஷ்கோடியை நெருங்கும்போது அலையில் அடித்துச் செல்லப்பட்டது. அதில் இருந்தவர்கள் யாரும் பிழைக்கவில்லை. நகரமும் அத்தோடு போயிற்று, குடியிருக்கத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது.

பாம்பன் பாலமும் அந்தப் புயலில் சிதைந்தது. தூக்குப்பகுதி மட்டும் தப்பியது. அதை 46 நாளில் சீர்செய்த பொறியாளர் இ. ஸ்ரீதரன், பிற்காலத்தில் டெல்லி மெட்ரோவைக் கட்டியவர். இந்த ஒரு வரி பல வினாடி வினாக்களில் வந்துவிட்டது.

பாம்பன்ல 3ஆம் நம்பர் கூண்டு ஏத்திட்டாங்கன்னு செய்தி வருதே, நம்பர் கூடினா புயல் பலம் கூடுதுன்னு அர்த்தமா?

முழுக்க அப்படி இல்லை. கடற்கரையில் வாழும் நாம் இதைத் தெளிவாகத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். மொத்தம் 11 எண்கள். 1, 2 தொலைதூர எச்சரிக்கை: கடலில் வெகு தொலைவில் தாழ்வு மண்டலமோ புயலோ உருவாகியிருக்கிறது, துறைமுகத்துக்கு உடனடி ஆபத்து இல்லை. 3, 4 உள்ளூர் எச்சரிக்கை: 3 என்றால் பலத்த காற்று துறைமுகத்தைத் தாக்கலாம். 4 என்றால் கடலில் இருக்கும் புயல் பின்னால் இந்தத் துறைமுகத்தைப் பாதிக்கலாம்.

5, 6, 7 மூன்றும் 'ஆபத்து' என்ற ஒரே நிலை. இவற்றுக்குள் வேறுபாடு பலத்தில் இல்லை, திசையில் இருக்கிறது. துறைமுகம் புயல் பாதையின் இடப்பக்கம் விழுமானால் 5, வலப்பக்கம் விழுமானால் 6, புயல் துறைமுகத்தின் மேலாகவோ மிக அருகிலோ கரை கடக்குமானால் 7. இதே மூன்று வகையும் கடும் புயலுக்கு 8, 9, 10 ஆகின்றன. ஆக 5ஐ இறக்கி 6ஐ ஏற்றினால் புயல் பலத்துவிட்டது என்று பொருள் இல்லை.

11 எல்லாவற்றிலும் பெரிய புயல் என்று நினைப்பவர்கள் நிறைய. அது வானிலை எச்சரிக்கை மையத்தோடு தகவல் தொடர்பு அறுந்துவிட்டது என்பதற்கான குறி. பகலில் கூம்பும் உருளையுமாக உருவங்களைத் தொங்கவிடுவார்கள், இரவில் சிவப்பு, வெள்ளை விளக்குகள்.

ராமநாதபுரம் மாவட்டம் உருவானது 1910ஆ, 1985ஆ?

உருவானது 1910. மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களிலிருந்து பகுதிகளை எடுத்து ஆங்கிலேயர் அமைத்தார்கள். 1985இல் அது மூன்றாகப் பிரிந்தது: இன்றைய ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர். பிரிந்தபோது சிவகங்கைக்குப் பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் பெயரும் விருதுநகருக்குக் காமராஜர் பெயரும் இருந்தன. 1997இல் மாவட்டங்களிலிருந்து தலைவர்கள் பெயர்கள் எடுக்கப்பட்டன.

பழைய நூல்களைப் படிக்கும்போது இந்தப் பிரிவினையை நினைவில் வையுங்கள். 'ராமநாதபுரம் மாவட்டம் சிவகாசி', 'ராமநாதபுரம் மாவட்டம் காரைக்குடி' என்று வந்தால் அச்சுப் பிழை அல்ல. அன்றைய மாவட்டம் அவ்வளவு பெரிது. அதன் ஆட்சியர் அலுவலகம் நீண்ட காலம் மதுரையில் இருந்ததும் அந்தப் பரப்பால்தான். இன்றைய மாவட்டத்தில் 9 வட்டங்கள். சட்டமன்றத் தொகுதிகள் 4: பரமக்குடி, திருவாடானை, ராமநாதபுரம், முதுகுளத்தூர். ஆனால் நாடாளுமன்றத் தொகுதி மாவட்டத்தைவிடப் பெரிது. புதுக்கோட்டை மாவட்டத்து அறந்தாங்கியும் விருதுநகர் மாவட்டத்துத் திருச்சுழியும் அதில் சேரும்.

தமிழ்நாடு அரசு சின்னத்துல இருக்குறது ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரமா, மதுரைக் கோபுரமா?

கையேடுகளில் பெரும்பாலும் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயில் கோபுரம் என்றே இருக்கும். தேர்வுக்கு அதை எழுதுங்கள். ஆனால் 1949இல் சின்னத்தை வரைந்த ஓவியர் கிருஷ்ணா ராவ், மதுரை மீனாட்சியம்மன் கோயில் மேற்குக் கோபுரத்தை மாதிரியாக வைத்து வரைந்ததாகச் சொல்லியிருக்கிறார். வரைந்தவர் வாக்குக்கு மதிப்புக் கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து. இன்னொன்று: சின்னம் வரைந்த காலத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர் எந்த மாவட்டம் என்று கேட்டால், முந்தைய விடையிலிருந்து நீங்களே சொல்லிவிடலாம்.

தமிழ்நாட்டுக்குன்னு தனிக் கொடி இருக்கா? சேதுபதிக்கே கொடி இருந்துச்சே, அக்கா.

மாநிலத்துக்கு அதிகாரபூர்வக் கொடி இல்லை. 1970இல் முதல்வர் மு. கருணாநிதி ஒரு கொடி வடிவத்தை முன்வைத்தார். தேசியக் கொடியும் கோபுரச் சின்னமும் சேர்ந்தது அது. ஆனால் நடைமுறைக்கு வரவில்லை. அவர் கேட்டுப் பெற்றது வேறொன்று. சுதந்திர தினத்தில் கோட்டையில் முதலமைச்சர் தேசியக் கொடி ஏற்றும் உரிமை 1974இல் கிடைத்தது. அதுவரை ஆளுநர்தான் ஏற்றினார். குடியரசு தினத்தில் இன்றும் ஆளுநரே. ராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதிகளைப் பொறுத்தவரை, செப்பேடுகளில் வரும் விருதுப் பெயர்களில் 'அனும கேதனன்', 'கருட கேதனன்' இரண்டும் உண்டு. அனுமக்கொடியும் கருடக்கொடியும் உடையவன் என்று பொருள்.

இலங்கைக் கொடியில இருக்குற பச்சையும் காவியும் யாரைக் குறிக்குது? நம்ம கொடி நிறம்தானா?

நம் கொடிக்கும் அதற்கும் தொடர்பில்லை. இலங்கைக் கொடியில் கோலோரமாக நிற்கும் பச்சைப் பட்டை இஸ்லாமியரையும் அடுத்த காவிப் பட்டை தமிழரையும் குறிக்கின்றன. வாளேந்திய சிங்கம் சிங்களரைக் குறிக்கிறது. நான்கு மூலையிலும் அரச இலைகள். நம் கொடியின் அளவு 3:2, சக்கரத்தில் 24 ஆரங்கள், அரசியல் நிர்ணய சபை ஏற்றுக்கொண்ட நாள் 1947 ஜூலை 22.

கடலில் தெரியும் மற்ற இரண்டு கொடிகளையும் கேட்கிறார்கள். நீல நிறத்தில், மூலையில் தேசியக் கொடியோடு இருந்தால் இந்தியக் கடலோரக் காவல்படை. வெள்ளைக் கொடியில் எண்கோண நீலச் சின்னம் இருந்தால் கடற்படை. கடற்படைக் கொடி 2022 செப்டம்பர் 2இல் மாறியது. பழையதில் இருந்த சிவப்புச் சிலுவைக் கோடுகள் போய், சிவாஜியின் முத்திரையை ஒட்டிய எண்கோணம் வந்தது. பழைய கையேட்டுப் படத்தைப் பார்த்து எழுதாதீர்கள். உச்சிப்புளியில் இருக்கும் கடற்படை விமானத் தளம் ஐ.என்.எஸ். பருந்து, 2009இல் தொடங்கியது.

சேதுபதி ராஜாவா, ஜமீன்தாரா? ரெண்டும் போட்டிருக்கே.

காலத்தைப் பொறுத்தது. 17ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் மதுரை நாயக்கர் முத்துக்கிருஷ்ணப்பர் காலத்தில் சடைக்கத் தேவர் சேதுபதியாகிறார். ராமேஸ்வரம் போகும் வழியைக் காப்பது அவர் பொறுப்பு. அடுத்த சில தலைமுறையில் கிழவன் சேதுபதி போகலூரிலிருந்த தலைநகரை ராமநாதபுரத்துக்கு மாற்றி, யாருக்கும் கட்டுப்படாத மன்னராக ஆண்டார். 1795இல் முத்துராமலிங்க சேதுபதியை ஆங்கிலேயர் சிறைப்பிடித்தார்கள். அவர் 1809இல் சென்னைச் சிறையிலேயே இறந்தார். 1803இல் மங்களேஸ்வரி நாச்சியார் காலத்தில் சமஸ்தானம் ஜமீன் ஆனது. 1795க்கு முன் மன்னர், 1803க்குப் பின் ஜமீன்தார் என்று பிடித்துக்கொள்ளுங்கள். 1948 ஜமீன் ஒழிப்புச் சட்டத்தோடு அதுவும் முடிந்தது.

வேலு நாச்சியார் ராமநாதபுரமா, சிவகங்கையா?

பிறந்தது ராமநாதபுரம், செல்லமுத்து சேதுபதியின் மகள். ஆண்டது சிவகங்கை. கணவர் முத்துவடுகநாதர் 1772இல் காளையார்கோவில் போரில் கொல்லப்பட்டார். 1780இல் நாச்சியார் சீமையை மீட்டார். இரண்டு சமஸ்தானமும் முன்பு ஒன்றாக இருந்து பிரிந்தவையே.

விவேகானந்தரை சிகாகோவுக்கு அனுப்புனது பாஸ்கர சேதுபதியா, பாண்டித்துரைத் தேவரா? நாலாம் தமிழ்ச் சங்கம் யாரு?

இருவரும் உறவினர், ஒரே காலத்தவர். அதனால்தான் இந்தத் தடுமாற்றம். விவேகானந்தரைச் சிகாகோ மாநாட்டுக்குப் போகத் தூண்டி உதவியவர் பாஸ்கர சேதுபதி. 1901இல் மதுரையில் நான்காம் தமிழ்ச் சங்கத்தை நிறுவியவர் பாலவநத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர், அதற்குத் துணை நின்றவர் சேதுபதி. மேலைநாடுகளிலிருந்து திரும்பிய விவேகானந்தர் இந்திய மண்ணில் கால் வைத்தது பாம்பன் குந்துகாலில், 1897 ஜனவரி 26. கன்னியாகுமரி என்று எழுதுபவர்கள் அதிகம். பாறையில் தியானம் செய்தது 1892இல், பயணத்துக்கு முன்னால்.

ராமலிங்க விலாசம் ஓவியத்துல என்னதான் இருக்கு? கேள்வி வந்தா என்ன எழுத?

ராமநாதபுரம் அரண்மனைக்குள் இருக்கும் ராமலிங்க விலாசத்தின் சுவர்களும் விதானமும் முழுக்க ஓவியம். காலம் 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதி, வரையச் செய்தவர் முத்துவிஜய ரகுநாத சேதுபதி. ராமாயணமும் பாகவதமும் ஒருபக்கம். தஞ்சை மராத்தியரோடு நடந்த போர், சேதுபதி ஐரோப்பியரைச் சந்திப்பது, ராஜராஜேஸ்வரி அம்மன் சேதுபதிக்குச் செங்கோல் அளிப்பது என்று அரசவை ஓவியங்கள் இன்னொரு பக்கம். புராணக் காட்சிகள் எந்தக் கோயில் சுவரிலும் கிடைக்கும். தன் காலத்துப் போரையும் அரசியலையும் ஒரு மன்னர் தன் வீட்டுச் சுவரிலேயே வரையச் செய்திருப்பதுதான் இதன் சிறப்பு. அதை எழுதுங்கள்.

தயவுசெய்து நேரில் போய்ப் பாருங்கள். மாவட்டத் தலைநகரில் பஸ் மாறும் பிள்ளைகள்கூட அரண்மனைக்குள் நுழையாமல் ஊர் திரும்புகிறார்கள். வீரர்கள் பிடித்திருக்கும் துப்பாக்கி, ஐரோப்பியரின் தொப்பி, பெண்களின் சேலைக்கட்டு எல்லாமே சான்றுகள். அதேபோல ராமேஸ்வரம் கோயிலின் மூன்றாம் பிரகாரத்தில் 1212 தூண்கள் என்று மனப்பாடம் செய்தால் போதாது. அந்த நடையின் ஒரு முனையில் நின்று மறுமுனையைப் பார்த்தால்தான் சிற்பி எதைச் செய்தான் என்று விளங்கும்.

ராத்தா, சீறாப்புராணத்துக்கு உதவுனது சீதக்காதியா, அபுல் காசிமா?

இருவரும். உமறுப் புலவரைப் பாடத் தூண்டியவர் கீழக்கரை வள்ளல் சீதக்காதி, கிழவன் சேதுபதிக்கு நெருக்கமானவர். நூல் முடியுமுன் அவர் காலமாகிவிட, பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயர் ஆதரித்தார். 'தூண்டியவர்' என்றால் முன்னவர், 'நிறைவேறத் துணைநின்றவர்' என்றால் பின்னவர். மூன்று காண்டங்கள், 5027 பாடல்கள்.

கலாம் ஐயா தமிழ்நாட்டிலிருந்து எத்தனையாவது குடியரசுத் தலைவர்?

நாட்டின் 11ஆவது, தமிழ்நாட்டில் பிறந்தவர்களில் மூன்றாவது. முன்னவர்கள் ராதாகிருஷ்ணன், ஆர். வெங்கட்ராமன். பதவிக்கு வரும் முன்பே பாரத ரத்னா பெற்ற மூவரிலும் அவர் மூன்றாமவர்: ராதாகிருஷ்ணன் 1954, ஜாகிர் உசேன் 1963, கலாம் 1997. நினைவிடம் பேய்க்கரும்பில் இருக்கிறது.

மன்னார் வளைகுடாவுல தீவு 21னு எழுதலாமா? 1986ஆ 1989ஆ?

21 என்றே எழுதுங்கள், அறிவிப்பு அப்படி. பாம்பனிலிருந்து தூத்துக்குடி வரை நான்கு தொகுதிகள்: மண்டபம் 7, கீழக்கரை 7, வேம்பார் 3, தூத்துக்குடி 4. இவற்றில் பூவரசன்பட்டியும் விலங்குசல்லியும் நீருக்குள் மூழ்கிவிட்டன. சுண்ணாம்புக்காகப் பவளப்பாறைகளைப் பல ஆண்டுகள் வெட்டி எடுத்ததில், அலையைத் தடுக்கும் அரண் போய்த் தீவுகள் கரைந்தன. 1986 என்பது தேசியப் பூங்காவின் ஆண்டு, பரப்பு 560 சதுர கிலோமீட்டர். 1989 என்பது உயிர்க்கோளக் காப்பகத்தின் ஆண்டு, பரப்பு 10,500. பூங்கா உள்ளே, காப்பகம் அதைச் சுற்றி வெளியே.

ஆவுளியா காப்பகம் நம்ம மாவட்டத்துலதானே இருக்கு?

இது நிறையப் பேரை விழவைக்கும் கேள்வி. கடல் பசு என்று பாடநூல் சொல்லும் ஆவுளியா நம் கடலிலும் உண்டு. ஆனால் 2022 செப்டம்பரில் அறிவித்த நாட்டின் முதல் கடல் பசுக் காப்பகம் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கரைகளை ஒட்டியது. சுமார் 448 சதுர கிலோமீட்டர். முதல் கேள்வியில் சொன்ன பாக் விரிகுடாவின் வடபகுதி அது. நம் மாவட்டத்துப் பெருமை வேறு: சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், சக்கரக்கோட்டை, தேர்த்தங்கல் பறவைகள் சரணாலயங்கள் நான்கும், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் இருக்கின்றன. கடைசி இரண்டும் 2025இல் அறிவிக்கப்பட்டவை.

கடல் யாரு கட்டுப்பாட்டுல வருது, மத்திய அரசா மாநில அரசா?

கரையிலிருந்து 12 கடல் மைல் வரை ஆட்சிக் கடல். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். அதற்குள் மீன்பிடிப்பு மாநிலப் பட்டியலில் 21ஆவது இனம். அதற்கு அப்பால் மீன்பிடிப்பு மத்தியப் பட்டியலில் 57ஆவது இனம். 1983இல் தமிழ்நாடு கொண்டுவந்த கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் முதல் வகையைச் சேர்ந்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு 61 நாள் தடை என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

பொருளாதார மண்டலம் 200 கடல் மைல் என்று படிக்கிறோம். ஆனால் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவே 30 கிலோமீட்டர்கூட இல்லை. இரு நாடும் 12 மைல் அளந்தாலே ஒன்றின்மேல் ஒன்று ஏறிவிடும். அதனால் இங்கே ஒப்பந்தம் போட்டுத்தான் கோடு கிழிக்க முடியும். அடுத்த கேள்வி அங்கிருந்துதான் பிறக்கிறது.

கச்சத்தீவு ஒப்பந்தம் 1974ஆ, 1976ஆ? நம்ம மீன்பிடி உரிமை எதுல போச்சு?

தீவு இலங்கைப் பக்கம் போனது 1974இல். அப்போது வரைந்த கோடு பாக் விரிகுடாவுக்கு உரியது. தேதி ஜூன் 26, 28 என்று இரண்டாக வரும், கொழும்பிலும் டெல்லியிலும் தனித்தனி நாளில் கையெழுத்தானதால். பிரதமர்கள் இந்திரா காந்தி, சிறிமாவோ பண்டாரநாயக்க. 1976இல் போட்டது மன்னார் வளைகுடாவுக்கும் வங்காள விரிகுடாவுக்குமான கோடு. வடகடல், தென்கடல் என்று பிரித்து நினைவில் வைத்தால் மாறாது.

1974 ஒப்பந்தத்தின் 5ஆவது பிரிவு, இந்திய மீனவர்களும் யாத்திரிகர்களும் பயண ஆவணம் இல்லாமல் முன்போலவே தீவுக்கு வந்துபோகலாம் என்கிறது. அங்குள்ள அந்தோணியார் கோயில் திருவிழாவுக்கு நம் ஊர்களிலிருந்து போவது அந்த வழக்கத்தால்தான். 6ஆவது பிரிவு, இரு நாட்டுப் படகுகளும் மரபாக அனுபவித்த உரிமைகளைப் பற்றியது. ஒரு நாட்டு மீனவர் மற்ற நாட்டுக் கடலில் மீன் பிடிக்கக் கூடாது என்ற வாசகம் 1976இல் இரு நாட்டு அதிகாரிகள் பரிமாறிய கடிதத்தில் வந்தது. '1974இலேயே மீன்பிடி உரிமை போனது' என்று ஒரே வரியில் எழுதிவிடாதீர்கள்.

சட்டக் கேள்வி இன்னொன்று உண்டு. பெருபாரி வழக்கில் 1960இல் உச்ச நீதிமன்றம், இந்திய நிலத்தை வேறு நாட்டுக்குக் கொடுக்க அரசியலமைப்புத் திருத்தம் வேண்டும் என்றது. 9ஆவது திருத்தம் அப்படித்தான் வந்தது. கச்சத்தீவுக்கு அப்படித் திருத்தம் எதுவும் இல்லை. ராமநாதபுரம் ஜமீனுக்கு உரியதாக இருந்த தீவை இப்படிக் கொடுத்தது செல்லாது என்பது தமிழ்நாட்டின் வாதம். இரு நாட்டுக்கும் இடையே தகராறில் இருந்த தீவு அது, நிலத்தைக் கொடுத்ததாகாது என்பது மத்திய அரசின் நிலை. தீவை மீட்கக் கோரி 2025 ஏப்ரல் 2இல் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. தேர்வில் இரண்டு பக்கத்தையும் எழுதுங்கள். வலை போடப் போன அப்பாவோ அண்ணனோ அந்தக் கோட்டருகே பிடிபட்ட வீடுகள் நம் ஊர்களில் இருக்கின்றன. அந்தப் பிள்ளைகளுக்கு இந்தப் பிரிவு எண்கள் வெறும் மதிப்பெண் அல்ல என்பதும் எனக்குத் தெரியும்.

பாக் கடலை முதல்ல நீந்திக் கடந்தது குற்றாலீஸ்வரனா, மிகிர் சென்னா?

முதல் இந்தியர் மிகிர் சென், 1966 ஏப்ரல், தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு. குற்றாலீஸ்வரன் 1994இல், 12 வயதில் நீந்தினார். 'முதல் மனிதர்' என்று கேட்டால் விடை இருவரும் இல்லை. 1954இலேயே வல்வெட்டித்துறையிலிருந்து கோடியக்கரைக்கு நீந்தி வந்த ஈழத்து வீரர் மு. நவரத்தினசாமி. முதல் கேள்வியில் பார்த்த வேறுபாட்டின்படி, பாக் நீரிணையையே குறுக்காகக் கடந்தவர் இவர். கேள்வியில் 'இந்தியர்' என்ற சொல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு விடை எழுதுங்கள்.